அப்பா இன்னும் கை கழுவவில்லை

செய்தி முடியாமல் சோற்றை விட்டு எழாத என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் உங்கள் நலத்தை எங்கே சொல்வீர்கள்? "எனக்கென்னா மேடம், நான் கெடக்கறேன். நம்ம ரிங்கிட் கெடக்கற கெடையப் பாரு" என்று ஆரம்பித்து, சிங்கப்பூர் வெள்ளியில் போய் நிற்பீர்கள். பெற்ற மகளை மேடம் என்று கூப்பிட்ட அப்பா மலாக்காவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். பத்து பெரண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில், ஏர்கோன் அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்த அன்று வைத்த பெயர் அது. அம்மாவுக்கு மட்டும் நான் என்றைக்கும் பாப்பா.

இதை ஊரார் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் தாமான் குடியிருப்பில் அம்மாவைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு கதை ஓடுகிறது. சிவகாமி அம்மாவுக்குப் பேய் பிடித்தது என்கிறார்கள், சாமி வந்தது என்கிறார்கள், மூளை குழம்பிவிட்டது என்கிறார்கள். நடந்ததை நானே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். பாதிக் கதையில் நீங்களும் கூட இருந்தீர்கள் என்று நம்புகிறேன். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் நீங்கள் லாரி ஓட்டிய காலத்திலிருந்தே உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் ரேடியோவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது முழங்காலைக் குத்துக்கால் போட்டு உட்காருவீர்கள். செய்தி தொடங்கியதும் சோற்றுக் கை அந்தரத்தில் நின்றுவிடும். அப்புறம் அந்தச் சத்தம், நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு "ச்சு". தோட்டத்தை விட்டு இங்கே வந்து தொழிற்சாலைக்குக் காவல் இருந்தபோதும், வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்தபோதும் அது மாறவே இல்லை.

அரசாங்கம் மாறினாலும் உங்கள் வசனம் மாறியதில்லை. பழைய ஆட்சிக்கும் "ச்சு", புதிய ஆட்சிக்கும் அதே "ச்சு". அமைச்சர் வெளிநாடு போய் முதலீடு கொண்டுவந்தார் என்று வாசித்தால், "கொண்டாந்தத நம்ம ஜாலான்ல எறக்கியிருந்தா ரோட்டுக் குழியாச்சும் மூடியிருக்கும்" என்பீர்கள். எங்கோ இரண்டு நாட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டால், "அங்க குண்டு போடுவான், இங்க எண்ணெ வெல ஏறும், பாத்துக்கிட்டே இரு" என்பீர்கள். ஏறும். நாங்களும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அம்மாவின் காதில் இதெல்லாம் விழுந்ததே கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல், வரிசையில் நின்றுகொண்டு, "பாப்பா, எந்தப் படத்துக்குக் கோடு போடணும்?" என்று கேட்கிற ஆள். நீங்கள் உலகத்தைத் திட்டி முடிக்கும்வரை அடுப்படி வாசலில் நின்று, "சாப்ட்டு எந்திரிங்க, தட்டு கழுவணும்" என்பதோடு அவருடைய அரசியல் முடிந்துவிடும். செய்தி முடிந்து, நீங்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டு, செம்புத் தண்ணீரில் கை கழுவினால்தான் அவர் தன் தட்டை எடுப்பார்.

உங்கள் பதினாறாம் நாள் படையலில்தான் தவறு நடந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? போனவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே அவர் வந்து சாப்பிடுவார். கொஞ்ச நேரம் பொறுத்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும், சாப்பிடுகிறவர் மிரண்டுவிடக் கூடாதே. உம்பாய்க் கடற்கரையில் வாங்கிய திருக்கை மீனில் அசாம் பெடாஸ் புளிக்குழம்பு, முருங்கைக்கீரை, அப்பளம், பால் சேர்க்காத கோப்பி ஓ, ஒரு போத்தல் பீர் என்று எதையும் விடவில்லை. கதவைச் சாத்தப் போகும்போது அம்மா தம்பி குமரனைப் பிடித்து நிறுத்தினார்.

"செய்தி இல்லாம அவருக்குச் சோறு எறங்காதுப்பா. அதையும் வெச்சுடு."

யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. குமரன் ரேடியோவை இலைக்குப் பக்கத்தில் வைத்து முடுக்கிவிட்டு வந்தான். நாங்கள் போர்ச்சில் நின்றோம். சாத்திய கதவுக்குப் பின்னால் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ விலையேற்றம், ஏதோ பேச்சுவார்த்தை. நடுவில் தெளிவாகக் கேட்டது, அந்த "ச்சு".

குமரன் என்னைப் பார்த்தான். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, நம் தோட்டத்திலிருந்தே நம்மோடு வந்தவர், அவசரமாகச் சொன்னார்: "பல்லிதான்லா. வேற என்னா."

பல்லியாகவே இருக்கட்டும் என்று நானும் நினைத்தேன். கதவைத் தட்டி, திறந்து, கும்பிட்டு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ரேடியோவை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு உங்கள் படத்துக்கு முன்னால் பேசிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்றைக்கும் எங்களுக்கு முன்னால் தட்டு எடுக்காத அம்மா, இடது முழங்காலைக் குத்துக்கால் போட்டிருந்தார். கை சோற்றுக்கு மேலே நின்றிருந்தது. பெட்ரோல் சலுகையைப் பற்றி யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா நாக்கைத் தட்டினார்.

"ச்சு. இவனுங்க திருந்த மாட்டானுங்க, மேடம்."

என் கைப்பை கீழே விழுந்தது. குரல் அம்மாவுடையதுதான் அப்பா. ஆனால் இழுவை உங்களுடையது. "மேடம்" என்பதில் அந்த 'மே'யை ஏற்றத்தில் லாரி இழுக்கிற மாதிரி இழுப்பீர்களே, அது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு அது பிடித்திருந்தது. பயந்தேன்தான். ஆனாலும் வேலை முடிந்ததும் வேகமாக வீட்டுக்கு ஓடி வருவேன். எதிரில் உட்கார்ந்து, "பெரிய நாட்டுக்காரன் நம்ம சாமானுக்கு வரி போட்டுட்டானாம்பா, எங்க ஃபேக்டரில ஓவர்டைம் இல்லையாம்" என்று எடுத்துக்கொடுப்பேன். அம்மா என்று கூப்பிடாமல் அப்பா என்றே கூப்பிட்டிருக்கிறேன். உடனே பதில் வரும். "அவன் தும்மினா இங்க நமக்குக் காய்ச்சல். எப்பத்தான் நம்ம சொந்தக் கால்ல நிக்கப் போறோம்?" உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகும் உங்களோடு வாக்குவாதம் செய்ய முடிந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சேதி பரவியது. நம் ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்? லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்க வந்தார்கள். முதலில் வந்தது எதிர்வரிசையில் வாடகைக் கார் ஓட்டுகிற சேகர் அண்ணன். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்து நீட்டினார்.

"அத்தை, மாமா ஏதாச்சும் நம்பர் குடுத்தாரா?"

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பசார்ல முட்டைக்கு வெல எழுதி வெச்சிருக்கான் பாரு, அதையே எடு. அதுதான் ஏறிக்கிட்டே போவுது."

அவர் அதையே எடுத்தார். விழவில்லை. ஆனால் அடுத்த மாலையும் வந்தார், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. "நம்பர் இல்லாட்டியும் பரவால்லலா. மாமா பேசறதக் கேட்டா மனசு ஆறுது. நம்ம நெனைக்கிறத அப்படியே சொல்றாரு" என்றார். போர்ச்சில் நாற்காலி போட வேண்டியதாகிவிட்டது. மலிவு எண்ணெய்ப் பாக்கெட் கடையில் கிடைக்காதது, ஆஸ்பத்திரியில் காலையில் போனால் சாயங்காலம்வரை உட்கார வைப்பது, படித்த பிள்ளைகள் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு ஓடுவது, தண்ணீர்க் குழாய் காற்று விடுவது, எல்லாவற்றையும் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் கொட்டினார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் நாக்கைத் தட்டினார். வந்தவர்கள் ஏதோ திருநீறு வாங்கிக்கொண்டவர்கள்போல அமைதியாகத் திரும்பிப் போனார்கள்.

கொஞ்ச நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். வாசிப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே அம்மா செய்தியைச் சொல்ல ஆரம்பித்தார். "இப்ப எண்ணெ ஏறுதும்பான்" என்பார், ஏறுகிறது என்பார்கள். "இப்ப ஆராய குழு அமைக்கிறோம்பான்" என்பார், குழு அமைப்பார்கள். கூடியிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. வருஷக்கணக்காக ஒரே செய்தியைக் கேட்கிற யாரும் அடுத்ததைச் சொல்லலாமே. ஆனால் அம்மா எங்கே கேட்டார்? அவர் அடுப்படியில் அல்லவா நின்றுகொண்டிருந்தார்?

சந்தேகமெல்லாம் ஒரு மாலையோடு போயிற்று. அன்று மழை. யாரும் வரவில்லை. செய்தியில் எங்கோ தோட்ட வீடுகளைக் காலி செய்யச் சொன்ன விவகாரத்தை வாசித்தார்கள். அம்மா நாக்கைத் தட்டவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நம்ம தோட்டத்த வித்துட்டாங்கன்னு சொன்ன அன்னிக்கி, பாலத்துகிட்ட லாரிய நிறுத்திட்டு நான் அழுதேன் பாரு. அத உங்கம்மாகிட்ட சொல்லிடாத, மேடம்."

அப்பா, அன்று லாரியில் நீங்களும் நானும் மட்டும்தான் இருந்தோம். நான் பள்ளிச் சீருடைகூட மாற்றியிருக்கவில்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை. குமரனிடம்கூட இல்லை. நீங்கள் எப்போதாவது அம்மாவிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை தெரிவித்திருக்கலாமே. அம்மாவே என் கண்ணைப் பார்த்து, அம்மாவிடம் சொல்லாதே என்கிறார். அப்படியானால் என் அம்மா எங்கே?

அன்றுதான் முதன்முறையாக நன்றாகப் பார்த்தேன். தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. செய்தி முடிந்தால்தான் கை வாய்க்குப் போகும். இப்போது ரேடியோ முடிந்தால் கைப்பேசியில் வேறொருவர் ஆரம்பிக்கிறார், அவர் முடித்தால் இன்னொருவர். சோறு விரலிலேயே காய்ந்துவிடும். நான் பிடுங்கி அணைத்தால், "வெளையாடாத மேடம், முக்கியமான சேதி" என்று ஒரு முறைப்பு. வாசலில் மல்லிகைச் செடி பட்டுப்போயிருந்தது. படையல் முடிந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. ஒருவரைத்தான் புதைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். சின்ன வயது டாக்டர், நம் ஆள்தான். "துக்கம்லா ஆன்ட்டிக்கு, மெல்ல மெல்ல சரியாயிரும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா அவரிடம், "இந்த மருந்தெல்லாம் எந்த நாட்டுலேர்ந்து எறக்கறீங்க? ரிங்கிட் இப்படிப் போனா என்னா வெலைக்கு விப்பீங்க?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் லெட்சுமி அக்காதான் சொன்னார். வேலி ஓரம் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் நான் புலம்பியபோது, கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அவருக்கு எலையும் வெச்சீங்க, செய்தியும் வெச்சீங்க. எலை முடிஞ்சு போச்சு. செய்தி எங்க முடிஞ்சுச்சு? அந்த மனுஷன் இன்னும் கை கழுவலடி."

எனக்குச் சட்டென்று விளங்கியது. செய்தி முடியாமல் நீங்கள் என்றைக்கு எழுந்தீர்கள்? நாங்களே உங்களை உட்கார வைத்துவிட்டு, முடியவே முடியாத ஒன்றைப் பக்கத்தில் முடுக்கியும் விட்டிருக்கிறோம். விலை ஏறுவதும் குழு அமைப்பதும் குண்டு போடுவதும் என்றைக்கு நின்றது, நீங்கள் எழுந்து போக?

"இப்ப என்னாக்கா செய்றது?"

"தலைத் திவசம் வருதுல்ல. நீயே வாசி. வாசிச்சு முடி. முடிஞ்சிருச்சுன்னு வாயால சொல்லு. கை கழுவத் தண்ணி வை."

போன வாரம் உங்கள் தலைத் திவசம். வெளியூரில் வேலை பார்க்கிற குமரன் முதல் நாளே ஜொகூர் நெரிசலில் கிடந்து வந்து சேர்ந்தான். அசாம் பெடாஸ் வைக்கும்போது அம்மாவை அடுப்படிக்குள் தள்ளிவிட்டேன். எப்போதோ பழகிய கை, தானாக வேலை செய்தது. படைக்கிற சோறு என்பதால் யாரும் ருசி பார்க்கவில்லை. ரேடியோவை லெட்சுமி அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். கைப்பேசிகளையெல்லாம் அணைக்கச் சொன்னேன். இலைக்குப் பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வாசித்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, இருந்தீர்களா? மலிவு விலை பெட்ரோலுக்கு அடையாள அட்டையை நீட்ட வேண்டும். இன்னும் பல சேவைகளுக்கு வரி வந்திருக்கிறது. முட்டை ஏறியது ஏறியதுதான். ரிங்கிட் கொஞ்சம் தேறியது என்கிறார்கள், பசாருக்கு அது தெரியவில்லை. பெரிய நாடுகள் மோதிக்கொண்டேதான் இருக்கின்றன, குழந்தைகள் செத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நம் ஜாலானில் ஒரு குழியை மூடிவிட்டார்கள், பக்கத்தில் புதிதாக ஒன்று விழுந்திருக்கிறது. வாசிக்க வாசிக்க, எனக்குப் பின்னால் அம்மாவின் நாக்கு தட்டிக்கொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். சொல்லிவிட்டால் நீங்கள் போய்விடுவீர்கள். மேடம் என்று கூப்பிட இனி யாரும் இல்லை. இன்னொரு செய்தி, ஒரே ஒரு செய்தி சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் திரும்பினேன். கதவோரம் கும்பிட்டு நின்ற அம்மாவின் மெலிந்த மணிக்கட்டிலிருந்து வளையல் முழங்கை வரை சரிந்து இறங்கியதைப் பார்த்தேன்.

"செய்திகள் இதோடு முடிந்தன. எந்திரிங்கப்பா. தட்டு கழுவணும்."

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பல்லிகூட இல்லை. லெட்சுமி அக்கா தலையசைத்ததும் நான் தட்டினேன். திறந்தபோது விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. இலையின் ஓரம் நனைந்திருந்தது. செம்பில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்ததாகக் குமரன் சொல்கிறான். நான்தான் நிறைய ஊற்றவில்லை என்று அவனிடம் பொய் சொல்லிவிட்டேன்.

அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்து, குழம்பில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"ஐயையோ பாப்பா, உப்பே போடல நான். பாவம் அந்த மனுஷன், ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுட்டுப் போயிட்டாரு."

அப்புறம்தான் அம்மா அழுதார். ஒரு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். நானும் குமரனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அழுது முடித்து, பசிக்கிறது என்று சொல்லி, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கடந்துபோன நாட்களைப் பற்றி எதுவுமே நினைவில்லை அவருக்கு. மல்லிகைச் செடியை யார் இப்படிக் காயவிட்டது என்று என்னைத்தான் திட்டினார். சேகர் அண்ணன் மாலையில் வந்து எட்டிப் பார்த்தபோது, "என்னா தம்பி, ஏதும் விசேஷமா?" என்று அம்மா கேட்டார். அவர் முகம் வாடித் திரும்பிப் போனார். பாவம், இனி எங்கே போய்க் கொட்டுவார்கள்?

கதையை இங்கேயே நிறுத்தியிருப்பேன் அப்பா. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

நேற்று அம்மாவைத் தெங்கேராவுக்குக் கூட்டிப்போய்ப் பூச்சட்டி வாங்கிவிட்டு வரும் வழியில் பெட்ரோல் போட நின்றேன். அடையாள அட்டையைச் செருகினேன். இயந்திரம் ஏற்கவில்லை. மறுபடி செருகினேன். பின்னால் இருந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார். நான் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். நினைத்துச் செய்யவில்லை. நாக்கு தானாக மேலே போய்த் தட்டியது.

"ச்சு."

பக்கத்து இருக்கையில் கண்ணயர்ந்திருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே, மெல்லச் சிரித்த மாதிரி கேட்டார்.

"என்னங்க?"

கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இடது முழங்கால் இருக்கையின் மேல் மடங்கி ஏறியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். இறக்கி வைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்து, "நான் பாப்பாம்மா" என்றேன். அவர் விழித்துப் பார்த்து, "தெரியுமே" என்றார். தெரிந்தா சொன்னார்?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் இலையை வருஷா வருஷம் வைப்பேன், உப்புப் போட்டு வைப்பேன், செய்தியை மட்டும் வைக்க மாட்டேன். நானும் செய்தியைப் பாதியில் அணைத்துவிட்டுச் சோற்றை முடிக்கப் பழகிக்கொள்கிறேன். நாட்டைத் திட்டாமல் இருக்க முடியாது, அது உங்கள் மகளால் ஆகாது. ஆனால் திட்டும்போது அம்மா "என்னங்க" என்று கேட்டால், எத்தனை முறை கேட்டாலும், உங்கள் குரலில் பதில் சொல்ல மாட்டேன். பாப்பா என்றுதான் சொல்வேன். எனக்கு அந்த நேரத்தில் அது மறந்து போகாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், தள்ளி நின்று.

அம்மாவின் பாப்பா,
உங்களுக்கு இனி என்றைக்கும் தூரத்து மேடம்.